சுப்பீரியர் ஏரியின் மீன்வளம்: அழிவும் மீட்சியும்

நிலநூல் பயின்றோர்க்கு வட அமெரிக்காவின் ஐம்பெரும் ஏரிகள் புதியன அல்ல. அவற்றுள் வடமேற்கில், மற்ற நான்கினும் மேட்டில், ஐக்கிய அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே கிடப்பது சுப்பீரியர் ஏரி. பரப்பினால் நோக்கின் உலகத்து நன்னீர் ஏரிகளுள் இதுவே முதலாவது எனலாம். ஏறக்குறைய 31,700 சதுர மைல். மலேசியத் தீபகற்பத்தின் பரப்பில் ஐந்தில் மூன்று பங்கு. நீளம் 350 மைல், அகலம் 160 மைல். மிக ஆழ்ந்த இடத்தில் 1,330 அடி. ஏரியின் நீர்மட்டம் கடல் மட்டத்திற்கு 600 அடி உயரத்தில் இருப்பினும், அதன் அடித்தளம் கடல் மட்டத்திற்கு 700 அடிக்கும் கீழே இறங்கியுள்ளது.

இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பில் மீனுக்குக் குறைவு உண்டோ என்று கேட்கத் தோன்றும். அங்கு முதன்முதல் சென்ற வெள்ளையரும் அவ்வாறே எண்ணினர். ஆனால் நீரின் அளவு வேறு, அதில் விளையும் உயிரின் அளவு வேறு. சுப்பீரியர் ஏரியின் நீர் ஆண்டின் சராசரியில் 40 பாகை பாரன்ஹீட் அளவே வெப்பமுடையது. உள்ளே வரும் நீர் முழுவதும் ஒருமுறை மாறி வெளியேற ஏறக்குறைய 190 ஆண்டுகள் செல்லும். சுற்றிலும் பழம்பாறையும் காடுமே ஆகையால், ஆறுகள் கொண்டுவந்து சேர்க்கும் உரமும் குறைவு. குளிரும் ஆழமும் தெளிவும் மிகுந்த இத்தகைய நீரில் பாசியும் நுண்ணுயிரும் அருகியே விளையும். அவற்றை உண்ணும் சிறுமீனும் அருகியே இருக்கும். சிறுமீனை உண்ணும் பெருமீனோ மிக மெதுவாகவே வளரும். அவ்வேரியின் தலையாய மீன் ஏரி டிரௌட். அது முட்டையிடும் பருவத்தை அடைய ஏழு முதல் பத்து ஆண்டுகள் வேண்டும். இன்று ஒருவர் ஒரு மீனைப் பிடிப்பாராயின், பத்தாண்டு வளர்ச்சியைப் பிடிக்கின்றார். இந்த ஒரு செய்தியை நினைவில் நிறுத்திக்கொண்டால், பின்னர் நிகழ்ந்தவை யாவும் எளிதில் விளங்கும்.

அவ்வேரிக்கரையில் நெடுங்காலமாக வாழ்ந்து வரும் மக்கள் ஒஜிப்வே இனத்தார். ஏரியை அவர்கள் கிச்சிகமி, அதாவது பெருநீர், என்று அழைப்பர். ஏரியின் நீர் கிழக்கே ஹியூரன் ஏரிக்கு இறங்கும் இடத்தில் செயின்ட் மேரிஸ் ஆறு பாறைகளின் மேல் விழுந்து ஓடுகின்றது. அந்த நீர்த்துள்ளல் வெள்ளை மீன்களுக்குப் புகழ்பெற்ற இடம். மரப்பட்டைத் தோணியில் இருவர் செல்வர். ஒருவர் கழியூன்றித் தோணியை நீரோட்டத்தில் நிறுத்துவார். மற்றவர் நின்றபடியே நீண்ட கம்பின் நுனியில் கட்டிய பைவலையால் மீனை அள்ளுவார். நுரைக்கும் நீரில் நிமிர்ந்து நிற்பதே ஒரு கலை. பதினேழாம் நூற்றாண்டில் அங்குச் சென்ற பிரெஞ்சுப் பாதிரிமார் இதனை வியந்து எழுதியுள்ளனர். இலையுதிர் காலத்தில் தொலைவிலிருந்து பிற இனத்தாரும் அங்கு வந்து தங்கி மீன் பிடித்து, உலர்த்தியும் புகையூட்டியும் குளிர்காலத்திற்குச் சேமித்துச் சென்றனர். அம்மீன்பிடி சிறுதொழில் அன்று. ஒரு நாட்டு மக்களின் குளிர்கால உணவே அதனைச் சார்ந்திருந்தது. எனினும் பிடித்தது உண்பதற்கும் பண்டமாற்றுக்குமே ஆகையால் அதற்கு இயல்பானதோர் எல்லை இருந்தது.

அந்த எல்லையை முதலில் தாண்டியது மென்மயிர் வணிகம் செய்துவந்த அமெரிக்கன் பர் கம்பெனி. தோல் தரும் விலங்குகள் அருகிய பின், 1830களின் நடுவில் அக்கம்பெனி மீன் பக்கம் திரும்பிற்று. லாப்பாயிண்ட் என்னும் இடத்தைத் தலைமையாகக் கொண்டு, ஐல் ராயல் முதலிய தீவுகளில் நிலையங்கள் அமைத்து, வெள்ளை மீனையும் டிரௌட்டையும் உப்பிட்டுப் பீப்பாய்களில் அடைத்துக் கீழ் நாடுகளுக்கு அனுப்பிற்று. 1837இல் அமெரிக்காவில் ஏற்பட்ட பொருளாதார வீழ்ச்சியால் வாங்குவோர் குறைந்தனர். 1842இல் கம்பெனியே முறிந்தது. மீன் தீர்ந்ததனால் அன்று, சந்தை தீர்ந்ததனால் தொழில் நின்றது. 1855இல் செயின்ட் மேரிஸ் ஆற்றில் கப்பல்கள் ஏறி இறங்கத்தக்க நீர்ப்பூட்டு கட்டப்பட்டபின் சந்தை திரும்பி வந்தது. அக்கட்டுமானங்களாலும் பின்னர் வந்த மின்சாரக் கால்வாய்களாலும் ஒஜிப்வே மக்களின் பழைய நீர்த்துள்ளலில் பெரும்பகுதி மறைந்துபோயிற்று என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

அதன்பின் தொழில் பெருகியது. நார்வே, சுவீடன், பின்லாந்து நாடுகளிலிருந்து குடியேறியவர்கள் வடகரையிலும் தீவுகளிலும் குடில் கட்டிக்கொண்டு வலை போட்டனர். பனிக்கட்டியும் இரயில் பாதையும் வந்தமையால் பசுமீன் சிகாகோ வரை சென்றது. துறைமுகமே இல்லாத குடில்களின் எதிரில் நீராவிக் கப்பல் வந்து நிற்கும். மீனவர் படகில் சென்று பெட்டிகளை ஏற்றிவிட்டு, மாவும் சர்க்கரையும் கடிதமும் பெற்றுத் திரும்புவர். 1902 முதல் அவ்வழியே ஓடிய 'அமெரிக்கா' என்னும் கப்பல் 1928இல் ஐல் ராயல் அருகே மூழ்கியது. அக்கரையினருக்கு அது அஞ்சல் நிலையமும் கடைத்தெருவும் ஒருங்கே மூழ்கியது போலாயிற்று.

மீன் குறையுமோ என்னும் ஐயம் அக்காலத்திலேயே எழாமல் இல்லை. அதற்கு அரசாங்கங்கள் கண்ட மருந்து மீன் பொரிப்பகம். 1880கள் தொடங்கிக் கோடிக்கணக்கான குஞ்சுகள் ஏரியில் விடப்பட்டன. எத்தனை விட்டோம் என்பதற்கு ஆண்டறிக்கைகளில் கணக்கு இருந்தது. எத்தனை பிழைத்தன என்பதற்குக் கணக்கே இல்லை. பிடிப்பதற்கு வரம்பு கட்டினால் மீனவர் வெறுப்பர், வணிகர் எதிர்ப்பர். குஞ்சு விட்டால் யாவரும் மகிழ்வர். ஆகவே குஞ்சு விடும் வழியே அரசியலார்க்கு உகந்த வழியாயிற்று. அமெரிக்கப் பக்கத்தில் மினசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் என மூன்று மாநிலங்கள். கனடாப் பக்கத்தில் ஒண்டாரியோ மாகாணம். ஒரே மீனுக்கு நான்கு சட்டங்கள். ஐம்பெரும் ஏரிகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் எட்டு மாநிலங்களும் ஒரு மாகாணமும் ஆகும். இவற்றை ஒருமுகப்படுத்த இரு நாடுகளும் 1946இல் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. மீன்பிடியை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் பொதுக்குழுவிடம் போய்விடுமே என்று மாநிலங்கள் சில எதிர்த்தமையால் அது நிறைவேறாமலே கிடந்தது.

இதற்கிடையே ஏரிகளுக்குள் ஓர் எதிரி நுழைந்து விட்டது. அதுதான் கடல் லாம்பிரே. பார்வைக்கு விலாங்கு போன்றது. ஆனால் விலாங்கினத்தைச் சேர்ந்தது அன்று. அதற்குத் தாடை கிடையாது. வட்டமான வாயில் வரிசை வரிசையாகப் பற்கள் உண்டு. அவ்வாயைப் பெருமீனின் விலாவில் உறிஞ்சுகுழல் போல் பதித்து, அரம் போன்ற நாவினால் தோலைக் குடைந்து, குருதியைக் குடித்து வாழும். அட்லாண்டிக் கடலில் அது பழமையான உயிர். அங்குள்ள மீன்கள் அதனோடு பழகியவை. ஒண்டாரியோ ஏரிக்கு அப்பால் அது வராதபடி இயற்கையே நயாகரா நீர்வீழ்ச்சியை மதில்போல் எழுப்பியிருந்தது. 1829இல் மனிதர் அம்மதிலைச் சுற்றிக் கப்பல்களுக்காக வெல்லண்டு கால்வாயை வெட்டினர். கால்வாய் கப்பலுக்கு வழிவிட்டது. பின்னர் அதே கால்வாய் செப்பனிடப்பட்டு விரிந்தபோது லாம்பிரேக்கும் வழிவிட்டது. 1921இல் ஈரி ஏரியிலும், 1936இல் மிச்சிகனிலும், 1937இல் ஹியூரனிலும், 1938இல் சுப்பீரியரிலும் அது காணப்பட்டது.

ஒரு லாம்பிரே ஏரியில் வாழும் ஓராண்டு அல்லது ஒன்றரை ஆண்டுக் காலத்தில் நாற்பது இராத்தல் வரை மீனைக் கொல்லவல்லது. மிச்சிகன் ஏரியில் 1940களின் நடுவில் ஆண்டுக்கு ஐம்பது இலட்சம் இராத்தலுக்கு மேல் டிரௌட் பிடிபட்டது. 1953இல் பிடிபட்டது ஆயிரம் இராத்தலையும் எட்டவில்லை. அவ்வேரிக்கே உரிய டிரௌட் இனம் அடியோடு அற்றுப்போயிற்று. ஹியூரன் ஏரியிலும் ஒதுக்குப்புறமான ஓரிரு விரிகுடாக்களைத் தவிர எங்கும் அதே நிலை.

சுப்பீரியர் ஏரியின் கணக்கோ சற்று வேறுபட்டது. ஆராய்வோர்க்குப் படிப்பினை மிகுந்தது. பல பத்தாண்டுகளாக அங்கு ஆண்டுதோறும் ஏறக்குறைய 45 இலட்சம் இராத்தல் டிரௌட் பிடிபட்டு வந்தது. 1950 வரையிலும் அத்தொகை பெரிதும் குறையவில்லை. அதனைக் கண்ட பலர் ஏரி நலமாகவே உள்ளது என்று நம்பினர். வலைக் கணக்கைப் பார்த்தவர்களுக்கு மட்டும் உண்மை தெரிந்தது. அதே அளவு மீனைப் பிடிக்க ஆண்டுதோறும் மேலும் மேலும் வலை தேவைப்பட்டது. படகுகள் மேலும் தொலைவு சென்றன. 1950ஐ ஒட்டிப் பருத்தி வலைக்கும் லினன் வலைக்கும் பதிலாக நைலான் வலை வந்தது. நீரில் கண்ணுக்குப் புலப்படாத அவ்வலை, பழைய வலையைப்போல் இருமடங்குக்கு மேல் மீனைப் பிடித்தது. இருப்பு சுருங்கிக் கொண்டிருந்தபோதே பிடி மட்டும் நிலைத்து நின்றமைக்குக் காரணம் இதுதான். அழிவுக்கு லாம்பிரே ஒன்றையே குற்றஞ்சாட்டுவது வழக்கமாகிவிட்டது. ஏற்கெனவே வலையால் மெலிந்திருந்த இனத்தின் மேல் அது வந்து விழுந்தது என்பதே சரியான கூற்று. 1961இல் ஏரி முழுவதும் பிடிபட்ட டிரௌட் நாலு இலட்சம் இராத்தலுக்கும் குறைவு. பதினோராண்டுகளில் பன்னிரண்டில் ஒரு பங்காகத் தொழில் சுருங்கிற்று. தந்தைக்குப் பின் மகன் என்று படகோட்டிய குடும்பங்கள் வலைகளைக் களஞ்சியத்தில் தொங்கவிட்டுச் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் வேலை தேடிச் சென்றன.

மாநிலங்கள் தம் உரிமைக்காக வாதாடிக் கொண்டிருந்தவரை நிறைவேறாத ஒற்றுமையை லாம்பிரேயே நிறைவேற்றி வைத்தது. 1954இல் புதிய உடன்படிக்கை ஒன்று கையொப்பமாகி, அடுத்த ஆண்டு பெரும் ஏரிகள் மீன்வளக் குழு தோன்றியது. மீன்பிடிச் சட்டம் இயற்றும் அதிகாரம் மாநிலங்களிடமே விடப்பட்டது. குழுவுக்கு ஆராய்ச்சியும் லாம்பிரே ஒழிப்பும் ஒப்படைக்கப்பட்டன. 1946இன் உடன்படிக்கையை நோக்க இது சிறிய அதிகாரமே; ஆயினும் இந்தச் சிறிய அதிகாரம் நடைமுறைக்கு வந்தது.

லாம்பிரேயை எங்கே பிடிப்பது? ஏரியில் அது ஆயிரக்கணக்கான சதுர மைலில் சிதறிக் கிடக்கின்றது. ஆனால் முட்டையிட ஆறுகளுக்கு ஏறியே ஆகவேண்டும். மிச்சிகன் மாநிலத்து ஹாமண்ட் பே என்னும் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த வெர்னன் ஆப்பிள்கேட் அதன் வாழ்க்கை வரலாற்றை நுணுகி ஆராய்ந்தார். முட்டையிலிருந்து வந்த குஞ்சு கண்ணும் பல்லும் அற்ற புழுவைப்போல் ஆற்று மணலில் புதைந்து பல ஆண்டுகள் வாழ்கின்றது. பின்னரே உருமாறி ஏரிக்கு இறங்கிக் குருதி குடிக்கின்றது. அதன் வாழ்க்கையில் மனிதன் கைக்கு எட்டும் பகுதி அந்த மணல் வாழ்வே. முதலில் ஆறுகளின் குறுக்கே மின்சாரத் தடுப்புகளை வைத்தனர். வெள்ளம் வந்தபோது அவை பயன்படவில்லை. நல்ல மீன்களும் மடிந்தன. பிறகு இரசாயனப் பொருள் தேடப்பட்டது. ஜாடிகளில் லாம்பிரேக் குஞ்சையும் டிரௌட்டையும் ஒன்றாக இட்டு, ஒவ்வொரு பொருளாகக் கரைத்துப் பார்த்தனர். ஏறக்குறைய ஆறாயிரம் பொருள்கள்! பெரும்பாலானவை இரண்டையும் கொன்றன, அல்லது இரண்டையும் கொல்லவில்லை. முடிவில் டி.எப்.எம். என்று சுருக்கமாக வழங்கும் நைட்ரோபீனால் வகைப் பொருள் ஒன்று, உரிய அளவில் இடும்போது, லாம்பிரேக் குஞ்சை மட்டும் கொன்று பிற மீன்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. 1958 முதல் சுப்பீரியரில் விழும் ஆறுகளில் அது இடப்பட்டது. 1962இல் ஆற்றுத் தடுப்புகளில் எண்ணப்பட்ட லாம்பிரேக்கள் முந்திய ஆண்டின் அளவில் கால் பங்கிற்கும் கீழே இறங்கின. அதே ஆண்டில் டிரௌட் வணிக மீன்பிடியும் மூடப்பட்டது.

பகை குறைந்தது, மீன் மீண்டதோ? பொரிப்பகக் குஞ்சுகள் மீண்டும் விடப்பட்டன. இம்முறை அடையாளத்திற்காகத் துடுப்புச் செதிலின் ஒரு பகுதி நறுக்கப்பட்டது. பழைய அறிக்கைகளில் இல்லாத கணக்கு இதனால் கிடைத்தது. விடப்பட்டவை வளர்ந்தன; ஆனால் பலவும் முட்டையிடும் மேடுகளை அறியாமல் கண்ட இடத்தில் முட்டையிட்டு வீணாக்கின. கரைக்கு அப்பால், அப்பாஸ்டல் தீவுகளை அடுத்த கல் ஐலண்டு மேடு என்னும் பாறைத் திட்டில் மட்டும் பழைய காட்டு டிரௌட் சில எஞ்சியிருந்தன. விஸ்கான்சின் மாநிலம் 1976இல் அத்திட்டைச் சுற்றியுள்ள நீரை மீன்பிடி விலக்கிய புகலிடமாக்கிற்று. அங்கு எண்ணிக்கை பெருகியது. அதற்கு அடுத்த டெவில்ஸ் ஐலண்டு மேட்டில் வேறொரு முயற்சி நடந்தது: விளையாட்டுத் திடலில் விரிக்கும் செயற்கைப் புல் விரிப்புகளின் மடிப்பில் கருவுற்ற முட்டைகளை வைத்துப் பாறைகளின் மேல் இறக்கினர். அங்கேயே பொரித்த மீன் அங்கேயே திரும்பி வரும் என்பது அவர்கள் கருத்து. ஏரியின் ஆழமும் துணை செய்தது. சிஸ்கோவெட் எனப்படும் கொழுத்த டிரௌட் வகை நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் வாழ்வது; அதனால் மேல்நீர் வகை பட்ட அழிவு அதற்கு நேரவில்லை. மிச்சிகன் ஏரியில் அற்றுப்போன வித்து, சுப்பீரியரில் ஆழத்திலும் தொலைத்திட்டுகளிலும் காக்கப்பட்டிருந்தது.

இந்த இடத்தில் ஒஜிப்வே மக்களின் வழக்கைக் குறிப்பிட வேண்டும். 1836, 1842, 1854 ஆகிய ஆண்டுகளின் ஒப்பந்தங்களால் அவர்கள் ஏரிக்கரை நிலங்களை ஐக்கிய அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுத்தனர். ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையை விட்டுக்கொடுத்ததாக அவர்கள் ஒருபோதும் கருதவில்லை. மாநிலங்களோ, தம் சட்டம் யாவர்க்கும் பொது என்று கூறி அவர்களைப் பிடித்துத் தண்டம் விதித்து வந்தன. மிச்சிகன் உயர்நீதிமன்றம் 1971இலும், விஸ்கான்சின் உயர்நீதிமன்றம் 1972இலும் ஒப்பந்த உரிமை உண்டு எனத் தீர்ப்பளித்தன. 1979இல் ஐக்கிய அமெரிக்கக் கூட்டரசின் நீதிமன்றமும் ஏரியின் கிழக்குப் பகுதிக்கு அவ்வாறே கூறிற்று. நூறாண்டுக்கு மேற்பட்ட முறையீடு அது. டிரௌட் மீண்டும் தலையெடுக்கும் வேளையில் இத்தீர்ப்புகள் வந்தமையால், விளையாட்டு மீன்பிடிப்போர் பலர் சினங்கொண்டனர். படகுத்துறைகளில் வசைமொழியும் கைகலப்பும் நிகழ்ந்தன. மீனை அழித்த காலத்தில் அதில் பங்கு பெறாதவர்களே, மீன் மீளும் காலத்தில் பழிக்கப்பட்டது வருந்தத்தக்கது. காலப்போக்கில் பேச்சு நடந்தது. ஒஜிப்வே குழுவினர் 1984இல் தமக்கென ஒரு மீன், வனவிலங்கு ஆணையம் அமைத்துக்கொண்டு உயிரியலாளரை நியமித்தனர். தம் சொந்தப் பொரிப்பகங்களும் நடத்துகின்றனர். எந்தப் பகுதியில் ஆண்டுக்கு எத்தனை மீன் பிடிக்கலாம் என்பது இன்று மாநிலத்தாரும் அவர்களும் ஒன்றாக அமர்ந்து கணக்கிட்டு முடிவு செய்வதாக உள்ளது.

1990களில் வலையில் அகப்படும் டிரௌட்டுகளில் துடுப்பு நறுக்கப்படாதவையே மிகுதியாயின; அதாவது ஏரியிலேயே பிறந்தவை. 1996இல் ஏரியின் பெரும்பகுதியில் குஞ்சு விடுவது நிறுத்தப்பட்டது. 2024இல், ஓரிரு பகுதிகள் நீங்கலாக, சுப்பீரியரில் டிரௌட் இனம் முழுமையாக மீண்டுவிட்டது என மீன்வளக் குழு அறிவித்தது. லாம்பிரே முதலில் காணப்பட்ட ஆண்டிலிருந்து எண்ணினால் 86 ஆண்டுகள்.

மீனின் வயதை அதன் செவியில் உள்ள சிறு கல்லை அறுத்து, மரத்தின் வளையங்களை எண்ணுவதுபோல் எண்ணி அறிவர். 2023இல் கிளான்டைக் திட்டு என்னும் நடு ஏரிப் பாறை மேட்டில் பிடிபட்ட டிரௌட் ஒன்றின் கல்லில் 62 வளையங்கள் இருந்தன. அது பிறந்த ஆண்டு 1961. ஏரியின் பிடி அடிமட்டத்தைத் தொட்ட அதே ஆண்டு. எந்த மீனவர் கையிலும், எந்த லாம்பிரே வாயிலும் சிக்கி மாளாமல் அவ்வளவு காலம் அது அங்கே நீந்திக் கொண்டிருந்திருக்கின்றது.

லாம்பிரே அற்றுவிடவில்லை. அதனை அழிக்க இயலாது, அடக்கி வைக்கவே இயலும். ஒவ்வோர் ஆற்றுக்கும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மருந்திட வேண்டியுள்ளது. 2020இல் பெருந்தொற்றினால் பணியாளர் பயணம் செய்ய இயலாமல் பெரும்பாலான ஆறுகள் மருந்திடாமல் விடப்பட்டன. 2021இலும் வேலை முழுமையாக நடைபெறவில்லை. அவ்விரண்டு ஆண்டுகளில் மணலில் தப்பிய குஞ்சுகள் உருமாறி இறங்கியதும், ஏரிகளில் லாம்பிரேத் தொகை மீண்டும் உயர்ந்தது. டிரௌட்டின் விலாக்களில் வட்ட வடுக்கள் மிகுந்தன. 2022 முதல் மருந்திடுவோர் வழக்கம்போல் இளவேனிலில் ஆறுகளுக்குத் திரும்பி, நீரின் ஓட்டத்தை அளந்து, மணிக்கணக்கில் கரையில் அமர்ந்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு வருகின்றனர்.